கிரியேட்டினின் 2.1: எதற்குச் செலவு செய்யணும், எதை நிறுத்தலாம்?

தறிமேடை (கேள்வி)

வணக்கம். அப்பாவுக்கு வயது 52. பத்து வருசமா பி.பி., ஆறு வருசமா சுகர். போன வாரம் எடுத்த ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 2.1, யூரியா 58, ஹீமோகுளோபின் 10.4, யூரினில் புரோட்டீன் இரண்டு பிளஸ். தறி வேலையை விட்டாச்சு. இப்போ வருமானம் தம்பி சம்பளம் மட்டும்தான், மில்லில் மாதம் 18,000.

லேபில் "கிட்னி ஃபுல் பேக்கேஜ்" என்று 6,500 ரூபாய் சொல்கிறார்கள். இன்னொரு இடத்தில் பயாப்சி (ஊசியால் சிறுநீரகத்தில் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) எடுத்தால்தான் தெரியும் என்கிறார்கள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: எந்த டெஸ்ட் கட்டாயம், எதைத் தள்ளிப்போடலாம்? மாத்திரைச் செலவை எங்கே குறைப்பது? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லை, இப்போ எடுத்தால் உடனே பயன்படுமா, இல்லை தனியார் இன்சூரன்ஸ் போடலாமா? டயாலிசிஸ் என்று வந்தால் மாதம் எத்தனை தடவைக்கு ஒதுக்கி வைக்கணும்?

ஆறுதல் வேண்டாம், கணக்கா சொல்லுங்க.

லேப்மேசை

6,500 பேக்கேஜை விடுங்கள். அதில் பாதிக்கு மேல் லிவர், தைராய்டு, வைட்டமின் வகையறா. பல பேக்கேஜில் உங்களுக்கு முதலில் வேண்டிய ஒன்று இருக்கவே இருக்காது. அது யூரின் ஏ.சி.ஆர்., அதாவது சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். 30-க்குள் இருந்தால் இயல்பு, 30 முதல் 300 வரை ஒரு கட்டம், 300-க்கு மேல் போனால் வேகமாகக் கெடும் ஆபத்து அதிகம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் போதும். 24 மணி நேரம் கேனில் சேர்த்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை. காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன் இருக்கும் நாளில் மட்டும் கொடுக்காதீர்கள், பொய்யாகக் கூடிக் காட்டும்.

2.1-ஐப் பார்த்துப் பயப்படுவதைவிட அதை ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு) ஆக மாற்றிப் பாருங்கள். போனிலேயே இலவச கால்குலேட்டர் உண்டு. 52 வயது ஆணுக்கு 2.1 என்றால் சுமார் 37 வரும். 30-க்கும் 44-க்கும் நடுவில் இருப்பதால் சிறுநீரக நோயில் 3பி கட்டம். டயாலிசிஸ் பேச்சு பெரும்பாலும் 10-ஐ ஒட்டி வரும்போதுதான். நடுவில் இருக்கும் தூரத்தை நீட்டுவதுதான் இப்போதைய வேலை.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து நாட்பட்ட நோய் என்று யாரும் முத்திரை குத்தக் கூடாது. மூன்று மாதம் தாண்டியும் அதே அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ரிப்போர்ட் ஏதாவது பரணில் கிடந்தால் அதைத் தேடுங்கள். இரண்டு வருசம் முன்பு 1.6 இருந்தது என்று ஒரு தாள் கிடைத்தால், பல டெஸ்ட் சொல்லாத விசயத்தை அது சொல்லிவிடும். அடுத்த தடவையும் அதே லேபில் எடுங்கள். கிரியேட்டினினை ஜாஃபே முறையில் பார்ப்பார்கள், என்சைம் முறையிலும் பார்ப்பார்கள். இரண்டும் கொஞ்சம் வித்தியாசம் காட்டும். லேப் மாறி 0.2 கூடியதற்கு ஊரெல்லாம் ஓடி மறுபடி மறுபடி டெஸ்ட் எடுப்பது வீண் செலவு. வெறும் வயிறு இதற்குத் தேவையில்லை. முந்தின ராத்திரி கறி அதிகம் சாப்பிட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் கூடிக் காட்டும்.

இப்போது எடுக்க வேண்டியது: ஏ.சி.ஆர்., பொட்டாசியம், பைகார்பனேட், ஹெச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சுகர் சராசரி), வயிற்று அல்ட்ராசவுண்ட். ஹீமோகுளோபின் 10.4 என்பதால் உடம்பில் இரும்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின், டி-சாட் இரண்டும். கால்சியம், பாஸ்பரஸ், பி.டி.ஹெச். (பாராதைராய்டு ஹார்மோன்) மூன்றும் இந்தக் கட்டத்தில் ஒரு தடவை பார்த்து வைக்க வேண்டியவை, அதில் பி.டி.ஹெச். விலை கூடியது, இந்த மாதமே எடுக்கணும் என்றில்லை. பெரும்பாலானவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காசில்லாமல் நடக்கும். ஓ.பி. சீட்டு காலையில் சீக்கிரம் போட்டால் ரத்தம் கொடுத்துவிட்டு வரலாம். அலைச்சல் ஒரு நாள் கூலி என்பதையும் கணக்கில் வையுங்கள். கூடப் போகிறவருக்கு அது பேக்கேஜ் விலையைவிடக் கூடினால் வெளியிலேயே தனித்தனியாக எழுதச் சொல்லி எடுங்கள்.

பயாப்சிக்கு முன் கண் பரிசோதனை. ஆமாம், கண்தான். விழித்திரையில் சுகரால் வந்த மாற்றம் இருந்தால் சிறுநீரகமும் அதனால்தான் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம், பல டாக்டர்கள் பயாப்சியைத் தவிர்ப்பார்கள். கண் சுத்தமாக இருந்து, யூரினில் ரத்த அணுக்கள் தெரிந்து, கிரியேட்டினின் சில வாரத்தில் ஏறினால் பயாப்சி நியாயமான செலவு. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கி, புறணி (வெளி அடுக்கு) மெலிந்திருந்தால் பயாப்சியால் பயன் குறைவு, ரத்தக்கசிவு ஆபத்தும் கூடும். ஆனால் சுகரால் கெட்ட சிறுநீரகம் சைஸில் இயல்பாகவே தெரியலாம். "ஸ்கேன் நார்மல்" என்ற வரியை நம்பி ஃபாலோ-அப்பை விட்டுவிடாதீர்கள்.

ஸ்கேனில் சிறுநீர் கழித்த பிறகு சிறுநீர்ப் பையில் மிச்சம் எவ்வளவு என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 50 தாண்டிய ஆண்களுக்கு புராஸ்டேட் அடைப்பால் ஏறிய கிரியேட்டினின், அடைப்பை எடுத்தால் இறங்கும். இதுபோல் சரிசெய்யக்கூடிய காரணத்தைத் தேடுவதற்குச் செய்யும் செலவு வீண் போகாது.

3பி-யில் ஏ.சி.ஆர். அதிகமாக இருந்தால் வருசத்துக்கு மூன்று தடவை கிரியேட்டினின் போதும். மாதாமாதம் எடுக்க வேண்டாம்.

மாத்திரை_அட்டை

லேப்மேசை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கணும், அதற்கு காசே வேண்டாம். தறி ஓட்டினவர் என்றால் மூட்டு வலி, கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை இருக்கும். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் அந்த வகை. அட்டையின் பின்னால் பெயரைப் படித்துப் பாருங்கள், இன்றைக்கே நிறுத்துங்கள். வலிக்கு பாராசிட்டமால் போதும். மூலப்பொருள் தெரியாத சூரணம், பஸ்பம் அதுவும் அப்படித்தான். சிலதில் கன உலோகம் கலந்திருக்கும்.

இனி மாதச் செலவு. டாக்டரிடம் மூலப்பெயரில் எழுதித் தரச் சொல்லுங்கள். டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் போன்ற மாத்திரைகள் பி.பி.க்கு மட்டுமில்லை, புரோட்டீன் ஒழுகுவதையும் குறைக்கும். ஆரம்பித்த இரண்டு முதல் நான்கு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் ஒரு தடவை பார்க்கணும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் அது எதிர்பார்த்ததுதான். இதைத் தெரியாமல் "மாத்திரை ஒத்துக்கலை" என்று தானாக நிறுத்தி, வேறு விலை உயர்ந்த மருந்துக்கு மாறுவது அடிக்கடி நடக்கும் தப்பு.

டாப்பாகிளிஃப்ளோசின் 10 மி.கி. பற்றிக் கேளுங்கள். சுகர் மாத்திரையாக வந்தது, சிறுநீரகம் கெடும் வேகத்தையும் குறைக்கிறது. ஈ.ஜி.எஃப்.ஆர். 20-க்கு மேல் இருக்கையில் ஆரம்பிக்கலாம். இந்தியாவில் இதன் பேட்டன்ட்கள் 2020-லும் 2023-லும் முடிந்தன, அதே குடும்பத்து எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில் முடிந்தது. அதனால் இப்போது ஜெனரிக் நிறைய. பழைய பிராண்ட் பெயரிலேயே சீட்டு ஓடிக்கொண்டிருந்தால் ஒரே மருந்துக்குப் பல மடங்கு கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம், சுத்தம் முக்கியம். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத நாளில் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். அதை முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். சுகருக்கு மெட்ஃபார்மின் போட்டுக்கொண்டிருந்தால் இந்த ஈ.ஜி.எஃப்.ஆர். 37-க்கு டோஸைக் குறைக்கணும், 30-க்குக் கீழே நிறுத்தணும். சிறுநீரகம் தளரத் தளர இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். சுகர் "நல்லா கட்டுப்பாட்டுக்கு வந்துடுச்சு" என்று சந்தோசப்படுவதற்கு முன் அது லோ-சுகரா என்று பாருங்கள்.

வாங்கும் இடம்: பி.பி., சுகர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது. பதிவு செய்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். அங்கே இல்லாததை 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகத்திலும் மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலும் விசாரியுங்கள். ஒரே கடையில் எல்லாம் கிடைக்காது. சீட்டை மூன்றாகப் பிரித்து வாங்கப் பழகிக்கொள்ளணும்.

பணம் கரையும் இடங்களைச் சொல்கிறேன். கீட்டோ அனலாக் மாத்திரை (குறைத்துச் சாப்பிடும் புரோட்டீனுக்கு ஈடாகத் தருவது): முழு அளவு ஐந்து கிலோ எடைக்கு ஒன்று, 60 கிலோவுக்கு நாளைக்கு 12. புரோட்டீனை கிலோவுக்கு 0.3, 0.4 கிராம் அளவுக்குச் சுருக்கிச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் அது அர்த்தப்படும். வழக்கம்போல் பருப்பு, முட்டை சாப்பிட்டுக்கொண்டு தினம் மூன்று போடுவது வெறும் செலவு. "கிரியேட்டினின் குறையும்" என்று விற்கும் ப்ரோபயாடிக் காப்ஸ்யூலையும் நான் அதே வரிசையில்தான் வைப்பேன்.

அடுத்து உப்பு. இந்துப்பு என்று கிலோ நூறு ரூபாய்க்கு வாங்கினாலும் அதுவும் சோடியம் குளோரைடுதான். "லோ சோடியம்" உப்பு இன்னும் மோசம். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பார்கள், இவருக்கு அது இதயத்துக்கே ஆபத்து. சாதா உப்பு வாங்கி, நாளைக்கு ஒரு டீஸ்பூன் தாண்டாமல், ஊறுகாய், அப்பளம், கருவாட்டை நிறுத்தினால் காசும் மிச்சம்.

ஹீமோகுளோபினுக்கு எரித்ரோபொய்ட்டின் (ரத்தம் ஊறத் தூண்டும்) ஊசி இப்போதே சொன்னால் நிதானியுங்கள். பொதுவாக 10-க்குக் கீழே போனால்தான். அதற்கும் முன் இரும்புச் சத்து பார்க்கணும். உடம்பில் இரும்பு இல்லாமல் அந்த ஊசி போடுவது நூல் இல்லாமல் தறி ஓட்டுகிற மாதிரி. பிற்பாடு தேவைப்பட்டால் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டிய மருந்து அது. ஐஸில் நேராகப் படவிட்டு உறைந்துபோனாலும் வீண். பேப்பரில் சுற்றி, ஐஸ் பேக் பக்கத்தில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

நான்காம்_ஷிஃப்ட்

டயாலிசிஸ் கணக்கு கேட்டீர்கள். வாரம் மூன்று, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். வருசத்துக்கு 156. மாதம் 12 என்று பட்ஜெட் போடுகிறார்கள், சரியான சராசரி 13. அந்த ஒன்று மாதாமாதம் கடனாக நிற்கும்.

ஒரு தடவைக்கு என்ன ரேட் என்று மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். டயலைசர் (ரத்தத்தை வடிகட்டும் ஃபில்டர்), டியூபிங் ரேட்டுக்குள்ளா வெளியிலா? டயலைசரைக் கழுவி எத்தனை தடவை உபயோகிப்பார்கள்? உபயோகிக்கலாம், அதே நோயாளிக்கு மட்டும், பெயர் எழுதி. உள்கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தூக்கிப் போடணும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின், ஊசி, இரும்பு மருந்து தனி பில்லா? மாதாந்திர ரத்தப் பரிசோதனை? இதை எழுதிக் கேளுங்கள். போக்குவரத்து இரண்டு பேருக்கு. கூட வருகிறவருக்கு 13 நாள் வேலை போகும், உங்கள் தம்பி என்றால் மில்லில் அதை யாரும் தாங்க மாட்டார்கள். அதனால் சென்டர் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது முக்கியம். கொஞ்சம் ரேட் கூடினாலும்.

செலவைக் குறைக்க வாரம் இரண்டாகக் குறைப்பவர்கள் ஏராளம். நடப்பது இதுதான்: நடுவில் நாலு கிலோ தண்ணீர் ஏறும், ராத்திரி மூச்சுத் திணறும், ஆம்புலன்ஸ், ஐ.சி.யூ. அந்த இரண்டு நாள் பில், மிச்சம் பிடித்த சில மாதப் பணத்தைச் சாப்பிட்டுவிடும்.

ஆனால் பெரிய தொகை போவது டயாலிசிஸிலேயே இல்லை, அதைத் தயாரில்லாமல் ஆரம்பிப்பதில். ஃபிஸ்டுலா என்பது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் சின்ன ஆபரேசன். அது பழுக்க ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு மூன்று மாதம். கடைசி நேரத்தில் வந்தால் கழுத்தில் தற்காலிகக் கதீட்டர் (குழாய்), அது சில வாரம்தான் தாங்கும். அப்புறம் தோலுக்கடியில் போடும் நீண்டகாலக் கதீட்டர். நடுவில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அட்மிசன், ஆன்டிபயாட்டிக். ஒரே வேலைக்கு மூன்று தடவை பணம். ஈ.ஜி.எஃப்.ஆர். 15-20 வரும்போதே ஃபிஸ்டுலா பற்றிப் பேசுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று: வலது கைக்காரர் என்றால் இடது கையைக் காப்பாற்றுங்கள். ரத்தம் எடுக்க, டிரிப் போட, வலது கையின் புறங்கையைக் காட்டச் சொல்லுங்கள். முழங்கை மடிப்பில் குத்திக் குத்தி நரம்பைக் கெடுத்துவிட்டால் ஃபிஸ்டுலாவே எடுக்காது. இரண்டு: ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி. டயாலிசிஸ் நோயாளிக்கு இரட்டை டோஸ், 40 மைக்ரோகிராம், 0, 1, 2, 6 மாதம். சிறுநீரகம் ஓரளவு வேலை செய்யும்போதே போட்டால் உடம்பு நன்றாக ஏற்கும். பாசிட்டிவ் ஆகிவிட்டால் தனி மெசின் வேண்டும், அந்த ஸ்லாட் கிடைப்பது கஷ்டம்.

வயிற்று வழி டயாலிசிஸும் இருக்கிறது. தினம் நான்கு தடவை, தடவைக்கு இரண்டு லிட்டர் பை, மாதம் 120 பை. வைக்க இடமும் சுத்தமான அறையும் வேணும். வெளியே வரும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் அன்றே ஓடணும். பயணம் மிச்சம் என்பதால் தூரத்துக் கிராமத்துக்கு நல்லது. மக்களைத் தேடி மருத்துவத்தில் இந்தப் பை கொடுக்கும் ஏற்பாடும் உண்டு.

பில்_பார்ப்பவர்

எல்லோரும் நோயைப் பார்த்தீர்கள், நான் தம்பியின் சம்பளத்தைப் பார்க்கிறேன். 18,000 என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்பு 21,000-க்குள். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் மருத்துவம் உண்டு. அப்பாவுக்கென்று தனி வருமானம் இருந்தால் அதற்கு உச்சவரம்பு இருக்கிறது. பெரும்பாலும் கோட்டை விடுவது, இ.எஸ்.ஐ. கணக்கில் அப்பா பெயரைச் சேர்க்காமலே வைத்திருப்பது. ஆதாரோடு சேர்த்து, இ-பெஹ்சான் அட்டையில் அவர் பெயர் வந்திருக்கிறதா என்று அச்செடுத்துப் பாருங்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மற்ற காப்பீடுகள் ஆள் படுக்கையில் விழுந்தால்தான் கண் திறக்கும். ஓ.பி. சீட்டு, மாத்திரை, ஃபாலோ-அப் டெஸ்ட் எல்லாம் கைக்காசு. உங்கள் அப்பாவுக்கு இப்போது தேவை அதுதான். இ.எஸ்.ஐ. மட்டும் ஓ.பி.யையும் மருந்தையும் சேர்த்துப் பார்க்கும்.

சம்பளம் உயர்ந்து 21,000 தாண்டினால்? நடப்பு பங்களிப்புக் காலம் முடியும் வரை தொடரும். ஏப்ரல்-செப்டம்பர் ஒன்று, அக்டோபர்-மார்ச் ஒன்று. முதல் காலத்துக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை, இரண்டாவதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. மே மாதம் சம்பளம் ஏறினால் செப்டம்பர் வரை பிடிக்கணும். கம்பெனி பாதியில் நிறுத்தினால் கேளுங்கள்.

முதலமைச்சர் காப்பீடு: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கணும். தம்பி சம்பளமே 2,16,000 ஆகிறது, ஒரே ரேசன் கார்டில் இருந்தால் வருமானச் சான்று அப்படியே வரும். பொய்யாகக் குறைத்து வாங்கித் தரேன் என்று வரும் ஏஜென்டை நம்பாதீர்கள். தம்பி கல்யாணமாகி உண்மையிலேயே தனிக்குடித்தனம், தனிக் கார்டு என்றால் கதை வேறு. அப்போது கிராம நிர்வாக அலுவலர் பரிந்துரைத்த வருமானச் சான்று, ரேசன் கார்டு, ஆதார் மூன்றோடும் கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போகணும். வருசத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை, டயாலிசிஸ் அடக்கம். மூன்றிலும் பெயர் எழுத்து ஒரே மாதிரி இருக்கணும். "சுப்ரமணி", "சுப்பிரமணியன்" என்று இருந்தால் அட்மிசன் அன்று அனுமதி கிடைக்காது. அட்டை இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனை ஓ.பி. எல்லோருக்கும் திறந்ததுதான்.

தனியார் பாலிசி: இப்போது இருக்கும் ரிப்போர்ட்டை மறைத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் மூன்று வருசம். சொல்லிவிட்டுப் போட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள், அல்லது பிரீமியத்தை ஏற்றுவார்கள். மறைத்தால் பிரீமியமும் போய் கிளெய்மும் போகும். அம்மாவுக்கும் தம்பிக்கும் தனியாகப் போட்டு வைப்பது இப்போது புத்திசாலித்தனம்.

வருமான வரி கட்டுகிறவர் குடும்பத்தில் இருந்தால் பழைய சட்டத்தின் 80டிடிபி பிரிவில் நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உண்டு. 60 வயதுக்குள் 40,000, அதற்கு மேல் ஒரு லட்சம், பழைய வரி முறையில் மட்டும். நிபுணர் சீட்டு வேணும், இன்சூரன்சில் திரும்ப வந்த தொகையைக் கழிக்கணும். 18,000 சம்பளத்துக்கு இது தேவைப்படாது.

டயாலிசிஸுக்கு ரயிலில் போனால் நோயாளிக்கும் துணைக்கும் ஸ்லீப்பரில் 75 சதவீதம் சலுகை. மருத்துவமனை கொடுக்கும் சலுகைப் படிவத்தோடு கவுன்ட்டரில் எடுக்கணும்.

எல்லா பில்லையும் வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். லேபிலும் மெடிக்கலிலும் கொடுப்பது வெப்பத் தாள், சில மாதத்தில் வெள்ளையாகிவிடும்.

தறிமேடை

135 பிடித்தம் இருக்கு. அப்பா பெயர் இல்லை, அம்மா பெயர் மட்டும் இருக்கு. இன்றைக்கே மில் ஆபீசில் சொல்லச் சொன்னேன். இரண்டு சந்தேகம். டாப்பாகிளிஃப்ளோசின் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் இல்லை என்றால்? ஹார்ட்டுக்கு ஆஞ்சியோ (ரத்தக் குழாயில் சாய மருந்து ஏற்றி எடுக்கும் படம்) பார்க்கணும் என்று ஒருத்தர் சொல்லியிருக்கார், அந்தச் சாய மருந்து கிட்னியைக் கெடுக்குமா?

பில்_பார்ப்பவர்

"இருப்பில் இல்லை" என்று சீட்டிலேயே எழுதி முத்திரை வாங்குங்கள். வெளியே வாங்கியதைத் திருப்பிக் கேட்க அதுதான் ஆதாரம். முத்திரை இல்லாத பில்லோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

லேப்மேசை

ஆஞ்சியோ மருந்தால் கெட வாய்ப்பு உண்டு, ஆனால் இதயத்துக்கு அவசரம் என்றால் அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. அவசரமில்லை என்றால் ஈ.ஜி.எஃப்.ஆர். 37 என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைப்பார்கள், முன்னும் பின்னும் சலைன் கொடுப்பார்கள், மெட்ஃபார்மினை நிறுத்தி வைப்பார்கள். 48 மணி நேரம் கழித்து கிரியேட்டினின் ஒரு தடவை பாருங்கள். டிஸ்சார்ஜ் அவசரத்தில் விட்டுப்போவது அந்த ஒரு டெஸ்ட்தான். சீட்டில் தேதியோடு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். வலது கையின் மணிக்கட்டில் போடுவதா, தொடையில் போடுவதா என்று கேட்டால், பிற்பாடு ஃபிஸ்டுலா வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.